லாடமில்லாக் குளம்பும் சொல்லில்லாக் கண்ணும்



சில ஆண்டுகளுக்கு முன்னர், என்னிடம் தமிழ் பயின்று பின்னாளில் கால்நடை மருத்துவரான மாணவி ஒருவர் என் இல்லம் வந்தார். லாடம் அடிக்காமல் குதிரைகளை வளர்க்கும் லாயம் ஒன்றில் பணிபுரியும் தமிழர்களுக்குக் கையேடு எழுத வேண்டும், குளம்பின் உறுப்புகளுக்குத் தமிழ்ப் பெயர்கள் தாருங்கள் என்று கேட்டார். லாடம், லாயம், லகான் என்னும் சொற்கள் நம் வழக்கில் உள்ளன. லகரம் தமிழில் மொழிமுதல் வாராது. ஆகவே இவை வந்த சொற்கள் என்பதை அவற்றின் வடிவே காட்டும். குதிரையின் பாதத்திற்கோ என்னிடம் இருந்தது 'குளம்பு' என்னும் ஒரே சொல். இரண்டு நாள் நிகண்டுகளைப் புரட்டிச் சில சொற்களை ஆக்கிக்கொண்டு லாயத்திற்குச் சென்றேன்.

அங்கே அம்மாணவி இரு குதிரைகளின் குளம்புகளைத் தூக்கிக் காட்டி, "எது நன்கு செதுக்கப்பட்டது, ஐயா?" என்றார். வழவழப்பாகவும் வெண்மையாகவும் இருந்ததை நான் சுட்டினேன். "கையெழுத்தின் அழகைப் பார்த்துக் கட்டுரைக்கு மதிப்பெண் இடுகிறீர்கள்" என்று சிரித்தார். இரண்டையும் சரளைக்கல் பாதையில் நடத்தச் செய்தார். நான் புகழ்ந்த குதிரை, முனையை முதலில் ஊன்றித் தயங்கித் தயங்கி நடந்தது. மற்றது குதிகாலை முதலில் பதித்து இயல்பாக நடந்தது. அழகுக்காக அடித்தகட்டை மிகுதியாகச் சீவிவிட்டதே முன்னதன் துன்பம் என்றார் அவர்.

பிறகு எனக்குப் பாடம் தொடங்கியது. குளம்பின் முன்சரிவும் அதன் மேலுள்ள கணுப்பகுதியின் சரிவும் ஒத்திருக்க வேண்டும். சுவர் மேலிருந்து நேராக இறங்க வேண்டும். அடியில் பாவாடைபோல் விரிந்தால், சுவரை உள்ளெலும்போடு பிணைக்கும் இழைகள் நெகிழ்ந்திருக்கக்கூடும். சுவரும் அடித்தகடும் கூடுமிடத்தில் ஓடும் மஞ்சள் கோடு அகன்றிருந்தால் அந்த ஐயம் வலுப்படும். சுவர் மாதத்திற்கு ஏறத்தாழ 6 முதல் 10 மில்லிமீட்டர் வளர்கிறது. முன்புறத்தில் மயிர் விளிம்பிலிருந்து தரையை எட்ட 9 முதல் 12 மாதங்கள் ஆகலாம். எனவே குளம்பு ஏறக்குறைய ஓராண்டின் நாட்குறிப்பு. காய்ச்சலும் தீனி மாற்றமும் அதில் வளையங்களாகப் பதிகின்றன. அவ்வளையங்கள் முனையில் நெருங்கியும் குதிகாலில் அகன்றும் இருந்தால், உள்ளே அழற்சி நேர்ந்திருக்கலாம்.

அடிப்புறத்தின் நடுவே முக்கோணமாக ரப்பர்போல் ஓர் உறுப்பு உண்டு. அது அகன்று உறுதியாக இருப்பது நலம். நடுப்பிளவு ஆழ்ந்து, கருநீர் கசிந்து நாறினால் அழுகல் நோய். நம் ஈரநிலத்தில் இதனை நாள்தோறும் கவனிக்க வேண்டும். இவ்வுறுப்பைக் கிரேக்கர் தகைவிலான் குருவியாகக் கண்டனர். ஆங்கிலேயர் தவளை என்பர். பிரெஞ்சுக்காரர் சிறு முட்கரண்டி என்பர். ஜெர்மானியர் கதிர் என்பர். நான் 'மெல்லடி' என்று எழுதி வைத்திருந்தேன். அருகில் நின்ற முதிய பணியாளர் எட்டிப் பார்த்து, "கவட்டை மாதிரி இருக்குங்க ஐயா" என்றார். என் சொல்லை அங்கேயே அடித்துவிட்டுக் 'கவட்டை' என்று எழுதினேன். நிகண்டில் நான் தேடியது அவர் நாவில் இருந்தது.

கிறித்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டினரான செனபன் என்னும் கிரேக்கர், குதிரை வாங்குவோர் முதலில் பாதத்தைச் சோதிக்கவேண்டும் என்று எழுதினார். லாடம் அறியாத அக்காலத்தில் பாதம் கெட்டால் குதிரையே பயனற்றது. பெயரற்ற உறுப்பின்மேல் கண் நிலைப்பதில்லை. கண் நிலைக்காத இடத்தில் நோய் வளர்கிறது. வலியைச் சொல்ல மொழியில்லாத விலங்குக்காகச் சொல் வேண்டியவர்கள் நாம்.

ஆசிரியர்களே, கலைச்சொல் ஆக்கும்போது பொருளை முதலில் காணுங்கள். அதனோடு உழைப்பவரைக் கேளுங்கள். மாணவர்களே, பெயர் அறிந்ததும் பார்வையை நிறுத்தாதீர்கள். கையேட்டின் முதல் பக்கத்தில் உறுப்புகளின் படம் இருக்கவேண்டும் என்றேன் நான். அம்மாணவி இசையவில்லை. இன்றும் அதன் முதல் வரி இதுதான்: "குதிரையை முதலில் நடக்கவிட்டுப் பாருங்கள்."