பல்கலைக்கழகப் படிவமும் பெற்றோரின் பேனாவும்



க.பொ.த. உயர்தரப் பரீட்சையை மாணவர் எழுதுகின்றனர். அதன்பின் வரும் பல்கலைக்கழக விண்ணப்பத்தையோ பெரும்பாலும் குடும்பமே எழுதுகின்றது. தந்தை ஒன்று சொல்வார். மாமா வேறொன்று சொல்வார். அடுத்த வீட்டுக்காரர் சென்ற ஆண்டின் வெட்டுப்புள்ளிப் பட்டியலைக் கொண்டு வந்து விரிப்பார். கொலன்னாவை, வெல்லம்பிட்டி வட்டாரத்துத் தமிழ் இல்லங்களில் ஆண்டுதோறும் காணப்படும் காட்சி இது. ஈராண்டு உழைப்பின் பயன், அப்படிவத்தின் விருப்ப வரிசையிலே தங்கியிருக்கின்றது.

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது தெரிந்தெடுப்பதற்குப் பல இடங்கள் இருக்கவில்லை. இன்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் கைநூலைத் திறந்தால் நூற்றுக்கு மேற்பட்ட கற்கைநெறிகள் கண்முன் நிற்கின்றன. அக்கைநூலை முழுமையாக வாசிப்போர் மிகச் சிலரே.

பெரும்பாலான கற்கைநெறிகளில் நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 இடங்கள் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்பவும், எஞ்சிய 5 இடங்கள் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. மாவட்ட அடிப்படை 1974இல் புகுந்தது. அது விளைத்த கசப்பைத் தமிழ் மக்கள் அறிவர். அவ்வரலாறு தனிப் பேச்சுக்குரியது. கொலன்னாவைப் பிள்ளைக்கு அதன் பொருள் எளியது. றோயல் கல்லூரி மாணவரும் விசாகா வித்தியாலய மாணவியரும் நிற்கும் அதே கொழும்பு மாவட்ட வரிசையில்தான் அப்பிள்ளையும் நிற்க வேண்டும். ஹட்டனிலிருந்து அண்மையிற் குடிபெயர்ந்து வந்த குடும்பமாயின், தம் பிள்ளை எந்த மாவட்டத்தைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும் என்பதை முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும். இறுதி மூன்றாண்டுகளில் பயின்ற பாடசாலையும், தேவையாயின் நிலையான வதிவிடமும் இதற்குக் கவனிக்கப்படும்.

இனி, விருப்ப வரிசைக்கு வருவோம். மாணவரின் இசட் புள்ளி கொண்டு அவ்வரிசை மேலிருந்து கீழாக நோக்கப்படுகின்றது. எந்த விருப்பத்துக்குப் புள்ளி முதலிற் போதுமானதாகின்றதோ, அதுவே வழங்கப்படும். அதற்குக் கீழுள்ளவை பின்னர் பார்க்கப்படா. ஆகவே கிடைப்பது அரிதென்று தோன்றும் ஒன்றை முதலில் எழுதுவதால், அடுத்ததற்குரிய வாய்ப்புக் குறைந்துவிடாது. உள்ளம் உண்மையில் நாடுவதை மேலே எழுதலாம். சென்ற ஆண்டின் வெட்டுப்புள்ளி ஓரளவுக்கு வழிகாட்டுமே யன்றி, இவ்வாண்டின் தீர்ப்பாகாது.

உண்மையான இழப்பு வேறிடத்தில் நேர்கின்றது. ஒலுவிலா, வந்தாறுமூலையா, வவுனியாவா, அவ்வளவு தூரம் பெண்பிள்ளையை எப்படி அனுப்புவது என்று கேட்டுப் பெற்றோர் அப்பெயர்களை வரிசையிலிருந்தே நீக்கிவிடுகின்றனர். கொழும்பும் களனியும் ஸ்ரீ ஜயவர்தனபுரவும் மட்டுமே எஞ்சுகின்றன. அவற்றுக்குப் புள்ளி சிறிது குறைந்துவிட்டால், கிழக்கிலே கிடைத்திருக்கக் கூடிய இடமும் அப்பிள்ளைக்கு இல்லாமற் போகின்றது. அஃதன்றி, எல்லாக் கலைப்பீடங்களிலும் தமிழ்மொழி மூலம் கற்க இயலாது என்பதையும் அருகிலுள்ளதையே நாடுவோர் நினைவிற் கொள்ளல் நன்று. பெற்றோரின் அச்சம் பொய்யன்று. அதற்கு மதிப்பளிக்க வேண்டும். ஆயினும் பெயரை வெட்டுமுன் மகளிடம் ஒரு வார்த்தை கேட்கலாமல்லவா? செலவே தடையாயின், 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த மகாபொல நிதியத்தின் புலமைப்பரிசில் உண்டு. அது திறமையையும் குடும்ப வருமானத்தையும் நோக்கி வழங்கப்படுவது.

சிறிய காரியங்களும் சில உள. மொறட்டுவையிற் கட்டடக்கலை, யாழ்ப்பாணத்தில் இராமநாதன் நுண்கலைப் பிரிவின் இசை, நடனம் போன்றவற்றுக்கு உளச்சார்புப் பரீட்சை அல்லது செய்முறைப் பரீட்சை உண்டு. அதற்குப் பல்கலைக்கழகத்துக்கே தனியாக விண்ணப்பிக்க வேண்டும். படிவத்தில் எழுதியதோடு கடமை முடிந்ததென்று இருந்துவிடுவோர் ஏமாறுவர்.

களனி கங்கை பெருகினால் கொலன்னாவை என்ன பாடுபடும் என்பதை 2016ஆம் ஆண்டு மே மாதத்து வெள்ளம் காட்டிற்று. பிறப்புச் சான்றிதழையும் பாடசாலைச் சான்றுகளையும் நீர் புகாத உறையிலிட்டு உயரத்தில் வைத்தலும், பிரதிகளை வேறோர் உறவினர் வீட்டில் வைத்தலும் அறிவுடைமையாகும். இறுதி நாளன்று கச்சேரிக்கு ஓடுவதிலும் இது எளிது.

தெரிவு கிட்டாதோர் பலர் இருப்பர். அவர்களுக்கு நாவலையில், கொலன்னாவையிலிருந்து சிறு தூரத்திலேயே, 1980இல் நிறுவப்பெற்ற திறந்த பல்கலைக்கழகம் இருக்கின்றது. அதன் விண்ணப்பமும் வேறு, இறுதித் திகதியும் வேறு. மானியங்கள் ஆணைக்குழுவின் முடிவு வரட்டும் என்று காத்திராமல், அத்திகதியையும் இப்பொழுதே நாட்காட்டியிற் குறித்து வைக்கலாம்.