இறங்கும்போது கால் கவனம்

மார்கழிப் போயாவுக்குத் தொடங்கும் சிவனொளிபாத மலை யாத்திரைக் காலம் வெசாக் வரைக்கும் நடக்கும். நண்பர்களோடு போகிறீர்களா? நல்லதண்ணியில் இருந்து உச்சிவரை 5000க்கும் மேற்பட்ட படிகள். ஏறும்போது மூச்சு வாங்கும். ஆனால், காலைப் பதம் பார்ப்பது ஏற்றம் அல்ல, இறக்கம்.

ஏன்? ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடம்பைத் தாங்க வேண்டும். ஹட்டன் பஸ் இறக்கத்தில் பிரேக் பிடித்தபடியே வருகிறதே, அப்படி! ஒவ்வொரு படியிலும் பிரேக். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஓரிரு நாள் கழித்துத்தான் வலி உச்சத்துக்கு வரும். கதிரையில் உட்காரவே கஷ்டப்படுவீர்கள்.

அப்படியானால் எப்படி இறங்குவது? தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து மூட்டையோடு மடுவத்துக்கு இறங்கும் நம் அக்காமாரைக் கவனித்துப் பாருங்கள். சின்னச் சின்ன எட்டு. முழங்கால் லேசாக மடிந்திருக்கும். சறுக்கலான இடத்தில் பாதம் பக்கவாட்டில் பதியும். அன்றாடம் சுமையோடு இறங்கும் அவர்களைவிட நல்ல ஆசான் நமக்கு யார்?

உச்சியில் சூரிய உதயம் பார்த்ததும் பொடியன்மார் படி தாண்டிக் குதித்து ஓடுகிறார்கள். வேண்டாம், பிள்ளைகளே. மெதுவாக இறங்குங்கள். கூட்டத்தில் யார் மெல்ல நடப்பவரோ, அவரை முன்னால் விடுங்கள். இடையில் ஒரு கடையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடியுங்கள். இறக்கத்தில்தான் கால் கவனம். படி நனைந்திருந்தால் கைப்பிடிக் கம்பியை விடவே விடாதீர்கள்.