தலை திரும்பினா உலகமும் திரும்பணும்

மாங்காடு மொட்டை மாடி ரூம்ல இருந்து வழக்கம்போல நான்தான்.

போன வாரம் ஃபிரெண்டோட வி.ஆர். ஹெட்செட்டை வாங்கிட்டு வந்து அம்மாவுக்கு மாட்டி விட்டேன். மலை உச்சி சீன். கீழே எட்டிப் பார்த்தவங்க, டக்குனு கைப்பிடிக் கம்பியைப் பிடிக்கக் கையை நீட்டினாங்க. கண்ணுக்குக் கம்பி இருக்கு, கைக்கு வெறும் காத்து. விழுறதுக்குள்ள நான் பிடிச்சுட்டேன். வி.ஆரோட வெற்றி, தோல்வி ரெண்டும் அந்த ஒரு நொடிதான்.

வெற்றி என்ன? 1984-ல ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ பார்க்க நம்ம ஆளுங்க 3டி கண்ணாடி போட்டாங்க. ஆனா தலையைத் திருப்பினா பக்கத்து சீட்டுக்காரர்தான் தெரிவார். வி.ஆர்.ல தலை திரும்பினா, உலகமும் சேர்ந்து திரும்பும். 1968-லயே ஐவன் சதர்லேண்ட் இதைச் செஞ்சு காட்டினார். தலையில மாட்டுற கருவி, கூரையில இருந்து ஒரு இயந்திரக் கை, உள்ளே தெரிஞ்சது வெறும் கோட்டு உருவங்கள். அவ்வளவுதான்!

இதுல கஷ்டம் வேகம். தலை அசைஞ்சு சுமார் 20 மில்லி செகண்டுக்குள்ள படம் மாறணும். லேட்டானா தலைசுத்தும், குமட்டும். ஸ்மார்ட்போன் வந்து ஸ்கிரீனும் சென்சாரும் மலிவானப்புறம்தான் இது வீட்டுக்கு வந்துச்சு. 2012-ல பால்மர் லக்கி ஓக்குலஸுக்காக கிக்ஸ்டார்ட்டர்ல பணம் திரட்டினார். 2014-ல ஃபேஸ்புக் அதைச் சுமார் 200 கோடி டாலருக்கு வாங்குச்சு.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். 2022 பிப்ரவரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துல ஒரு கிராமம். கல்யாணம் நேர்ல, ரிசப்ஷன் மெட்டாவெர்ஸ்ல. விருந்தாளிங்க போன், லேப்டாப் வழியா வந்தாங்க. ஸ்ட்ரிக்ட்டா பார்த்தா அது முழு வி.ஆர். இல்ல, திரும்பினது தலை இல்ல, விரல். ஆனா இறந்துபோன பெண்ணோட அப்பா அங்க அவதாரா வந்தார். அந்தப் பொண்ணுக்கு இந்த டெஃபனிஷன் எல்லாம் எதுக்கு?

ஆனாலும் அவரால மக தலையில கை வைக்க முடியாது. தோல்வி அங்கதான்: தொடுதல். ஐஐடி மெட்ராஸ்ல பேராசிரியர் மணிவண்ணனோட டச் லேப் இதுல வேலை செய்யுது. 2022-ல ‘ஐடேட்’னு ஒரு டிஸ்ப்ளே காட்டினாங்க. ஸ்கிரீன் வழவழப்பானதுதான், மின்புலத்தை மாத்தி, விரலுக்குச் சொரசொரப்பு இருக்கிற மாதிரி உணர வைக்குது. விரல் நுனியில இருந்து ஒரு கையோட கனம் வரைக்கும் இன்னும் ரொம்ப தூரம்.

ஹெட்செட்டைக் கழட்டிட்டு அம்மா சொன்னாங்க: “நல்லாத்தான்டா இருக்கு. பிடிச்சுக்கத்தான் ஒண்ணுமில்ல.”

உங்க வீட்லயும் யாருக்காவது மாட்டி விட்டா, பக்கத்துலயே நில்லுங்க.