பழகிய கப்பல்

பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பது பழமொழி. பால் புளிப்பதை மட்டக்களப்பார் ஒரு குறையாகக் கொள்வதில்லை. எருமைப் பால் சட்டியில் உறைந்து தயிராவதே அவர்களுக்கு வேண்டியது. ஆனால், கப்பல் புளித்துப்போனால் அதனை என்ன செய்வது? தொழிலுக்காகவோ பிழைப்புக்காகவோ அன்றி, உலாவி வருவதற்கென்றே கடலிற் செல்லும் உல்லாசப் பிரயாணிகள் இக்கேள்வியைக் கேட்கத் தொடங்கிப் பல காலமாயிற்று.

முன்னாளிற் கப்பலேறியவனுக்குச் சலிப்பு என்ற ஒன்று தோன்ற இடமிருந்ததில்லை. கரை சேர்வோமா என்ற கவலையே அவனுக்குப் போதுமானதாக இருந்தது. இக்காலத்து உல்லாசக் கப்பலோ மிதக்கும் ஒரு விடுதி. முதற் பயணத்தில் அதன் மாடிப்படிகளும் விளக்குகளும் பிரமிப்பை ஊட்டுகின்றன. எந்தத் தளத்தில் உணவுச்சாலை, எந்தப் பக்கத்தில் நீச்சற்குளம் என்று தேடித் திரிவதிலேயே இரண்டு நாள் இனிமையாகக் கழிந்துவிடுகின்றன. ஐந்தாம் பயணத்தில் அந்தத் தேடல் இல்லை. இரவு உணவின் மூன்றாம் வட்டத்தில் என்ன வரும் என்பது முன்னரே தெரியும். பாட்டுக்காரர் எந்த இடத்தில் நகைச்சுவை சொல்வார் என்பதும் தெரியும். இறங்கும் துறைமுகத்திலும் அதே கடைகள், அதே சங்கு மாலைகள். பத்தாம் பயணத்திற்கு முன்பணம் கட்டும்போது, வேறு கம்பெனிக் கப்பல் ஒன்றிற் சென்றால் என்ன என்ற எண்ணம் எழுவது இயல்பே.

கம்பெனிகளும் இதனை அறியாதவை அல்ல. தம் கப்பல்களிலேயே திரும்பத் திரும்ப வருபவரைப் படிப்படியாக உயர்ந்த தரத்தில் வைத்து, அவருக்கு முதலில் ஏறும் உரிமை, கட்டணச் சலுகை, சிறு விருந்து என்று சிலவற்றை வழங்குகின்றன. கம்பெனியை மாற்றினால் அந்தத் தரம் போய்விடும். நேற்றுவரை பெயர் சொல்லி அழைக்கப்பட்டவர் இன்று புதியவரோடு புதியவராய் வரிசையில் நிற்க வேண்டும். சிலர் இந்த இழப்பை எண்ணியே பழைய கப்பலில் தங்கிவிடுகின்றனர். வேறு சிலருக்கோ, யாரும் அறியாத புதியவராய் மீண்டும் நிற்பதிலேதான் ஆனந்தம். இரண்டாம் வகையினரே பிரயாணத்தின் சுவையை அறிந்தவர் என்று சொல்லத் தோன்றுகிறது.

ஆயினும், மாறியதாக எண்ணிக்கொள்பவர் உண்மையில் மாறிவிடுகிறாரா என்பது வேறு விஷயம். 1840-ல் தோன்றிய கியூனார்ட் கம்பெனியும், 1873-ல் ரொட்டர்டாம் நகரில் தொடங்கிய ஹொலண்ட் அமெரிக்கா கம்பெனியும் தனித்தனி வரலாறும் தனித்தனிப் பெருமையும் உடையவை. ஆனால் 1989-ல் பின்னதையும் 1998-ல் முன்னதையும் கார்னிவல் நிறுவனம் வாங்கிவிட்டது. 2003-ல் பிரின்சஸ் கப்பல்களும் அதே குடைக்கீழ் வந்தன. ஒன்றிற் சலித்து மற்றொன்றுக்குப் போகும் பிரயாணி, ஒரே முதலாளியின் ஒரு சட்டைப்பையிலிருந்து மறு சட்டைப்பைக்குத் தம் பணத்தை மாற்றுகிறார், அவ்வளவுதான். இது புதிய வழக்கமும் அன்று. கொழும்பிலிருந்து இங்கிலாந்துக்குச் சென்றோர் பலர், பி. அண்டு ஓ. கப்பலா, ஓரியண்ட் கப்பலா என்று ஆராய்ந்து சீட்டு வாங்கிய காலம் ஒன்று உண்டு. 1960-ல் அவ்விரண்டின் பிரயாணிக் கப்பல்களும் ஒரே நிர்வாகத்துள் அடங்கின.

இன்னும் விந்தையானது, கப்பலே கம்பெனி மாறும் கதை. 1990-ல் பிரான்சு நாட்டிற் கட்டப்பட்டு, ‘நோர்டிக் எம்பிரஸ்’ என்ற பெயருடன் ராயல் கரீபியன் கம்பெனிக்காக ஓடத் தொடங்கிய கப்பல் ஒன்று உண்டு. 2004-ல் அதன் பெயர் ‘எம்பிரஸ் ஒவ் த சீஸ்’ என்று மாறிற்று. 2008-ல் அது ஸ்பெயின் நாட்டுக் கம்பெனி ஒன்றின் கப்பலாயிற்று. 2016-ல் பழைய கம்பெனிக்கே திரும்பி வந்தது. 2021-ல் ‘எம்பிரஸ்’ என்ற பெயருடன் இந்தியாவின் கோர்டேலியா கம்பெனிக்காகப் பம்பாய்த் துறையிலிருந்து புறப்பட்டது. கரீபியக் கடலில் இதிற் சலித்துப்போன ஒருவர், புதிய கடலில் புதிய கம்பெனி என்று எண்ணி இந்தியாவுக்கு வந்திருந்தால், அவர் ஏறியது தாம் முன்னர்ப் படுத்துறங்கிய அதே அறையாகவும் இருந்திருக்கலாம்.

இந்த எம்பிரஸ் கப்பல்தான் 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற் சென்னையிலிருந்து புறப்பட்டு அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளுக்கு வந்தது. அம்பாந்தோட்டையிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் கப்பல் மட்டக்களப்பின் கடலைக் கடந்தே தீர வேண்டும். கடக்கலாம்; உள்ளே வர முடியாது. மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 35 மைல் நீளத்துக்குக் கடற்கரையை ஒட்டிக் கிடந்தாலும், அதன் முகத்துவாரத்தில் மணல் அடைத்து நிற்கிறது. 1913-ல் எழுப்பப்பட்ட வெளிச்சவீடு வழி காட்டுகிறது. ஆனால் பெருங்கப்பலை ஏற்க அங்கே ஆழம் இல்லை.

அப்படியிருந்தும், மட்டக்களப்பார் கப்பலையே நம்பியிருந்த காலம் ஒன்று இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் ‘லேடி கோர்டன்’, ‘லேடி ஹவ்லொக்’ என்ற இரண்டு நீராவிக் கப்பல்கள் இலங்கைத் தீவைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தன. இரண்டுக்கும் தேசாதிபதிமாரின் பாரியார்களின் பெயர்கள். கப்பல் கடலிலே நங்கூரமிட்டு நிற்கும். தோணிகள் அலைமேல் ஏறி இறங்கிச் சென்று ஆட்களையும் மூட்டைகளையும் கரை சேர்க்கும். வாடைக் காற்று வீசும் மாதங்களில் அந்த ஏற்ற இறக்கத்தை நினைத்தாலே வயிறு கலங்கும். கொழும்பிலிருந்து வரும் உத்தியோகத்தரும் தபாலும் துணிமணியும் இவ்வழியே வந்ததுண்டு. அந்நாளில் வெள்ளைக்காரப் பிரயாணிகள் சிலருக்கு இதே பயணம் தீவைச் சுற்றிப் பார்க்கும் உல்லாசமாகவும் இருந்தது. ஒரே கப்பலில் ஒருவருக்கு உல்லாசம், மற்றொருவருக்கு அவசியம்!

1928-ல் மட்டக்களப்புக்குப் புகையிரதம் வந்தது. கடற்பயணி தரைப்பயணியானான். நீராவிக் கப்பல் சலித்துப்போனதால் அவன் அதனை விட்டானா என்றால், இல்லை. தோணியில் நனையாமல் மறுநாட் காலையிற் கொழும்பில் இறங்கலாம் என்பதால் விட்டான். அதனிடத்தில் சலிப்புக் கொள்ளும் அளவுக்குச் சௌகரியம் அக்கப்பல் அவனுக்கு ஒருபோதும் தந்ததில்லை. சலிப்பு என்பது வயிறு நிறைந்தவனுக்கு வரும் நோய்.

கம்பெனி மாற்றம் என்ற சொல் மட்டக்களப்புக் கோட்டைக்கு மிகவும் பழையது. கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கன், போர்த்துக்கேயரிடம் பட்ட தொல்லையைப் பொறுக்கமாட்டாது, கப்பற்படையோடு வந்த ஒல்லாந்தக் கம்பெனியைத் துணைக்கு அழைத்தான். 1638-ஆம் ஆண்டு மே மாதம் புளியந்தீவுக் கோட்டை வீழ்ந்தது. போர்த்துக்கேயர் போயினர், ஒல்லாந்தர் போகவில்லை. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கியது போல என்று சிங்கள மக்கள் இன்றும் சொல்வது இந்தக் கொடுக்கல் வாங்கலைத்தான்.

கோட்டையைக் கடந்து வாவிக்குள் வந்தால், கப்பல் மாற்றுவது பற்றிய பேச்சுக்கு வேறு பொருள் வந்துவிடுகிறது. வாவியின் கிழக்குக் கரை எழுவான்கரை. மேற்குக் கரை படுவான்கரை. சூரியன் எழுவதையும் படுவதையும் கொண்டே ஊர்களைப் பிரித்துவிட்டனர் முன்னோர். வயலும் பட்டியும் பெரும்பாலும் படுவான்கரையில். பட்டினமும் பெரிய ஆஸ்பத்திரியும் எழுவான் பக்கத்தில். இரண்டுக்கும் நடுவே போகவர மக்கள் ஏறுவது ‘பாதை’. பிற ஊராருக்குப் பாதை என்றால் தெரு. மட்டக்களப்பாருக்கு அது தோணிகளின்மேற் பலகை பரப்பியது போன்ற தட்டையான ஒரு கலம். மனிதர், சைக்கிள், நெல் மூட்டை, தயிர்ச் சட்டி எல்லாம் அதன்மேல் ஏறும். குறுமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே, குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையே இவ்வாறு தலைமுறை தலைமுறையாகக் கடந்தனர் மக்கள். மண்டூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாக் காலத்திற் பாதை கொள்ளாத கூட்டம் துறையிற் காத்து நிற்கும்.

உல்லாசக் கப்பலிற் பத்து முறை சென்றவருக்குப் புளித்துப்போகிறது. பாதையில் ஒரு நாளைக்கு இரண்டு முறை, ஆண்டுக்கணக்காகச் செல்லும் ஓர் ஆசிரியரை நினைத்துப் பார்க்கலாம். பலகையில் எந்த ஆணி தூக்கி நிற்கிறது என்பது அவருக்குத் தெரியும். காலை நேரத்தில் யார் எந்த மூலையில் நிற்பார் என்பதும் தெரியும். அவருக்கும் சலிப்பு உண்டு. ஆனால் அவர் மாறிச் செல்வதற்கு அத்துறையில் வேறொரு கம்பெனி இல்லை. பாதை ஓடாத நாளில் வலையிறவுப் பாலத்தாலோ பட்டிருப்புப் பாலத்தாலோ வெகுதூரம் சுற்றிப் போக வேண்டும். மாரி வெள்ளம் வந்து வீதியும் மூழ்கிவிட்டால் அதுவும் இல்லை. போர்க் காலத்தில், 2007 வரையில், இரு கரைகளும் இருவேறு ஆயுதத் தரப்பினர் கையில் இருந்தன. அப்போது இந்தச் சிறு தண்ணீரைக் கடப்பது பெருங்கடலைக் கடப்பதைவிடக் கடினமாயிருந்தது. பிரசவ வேதனையிலிருக்கும் பெண்ணைக் கூட்டிச் செல்பவருக்குப் பாதை அழகாக இருக்கிறதா, அலுத்துவிட்டதா என்பது கேள்வியே அன்று. அது மறு கரையிலிருந்து எப்போது திரும்பும் என்பதே கேள்வி.

மண்முனைத் துறையில் இக்கேள்விக்கு 2014-ல் விடை கிடைத்தது. ஜப்பானிய அரசின் உதவியோடு அங்கே பாலம் எழுந்தது. பாதைக்கு வேலை இல்லாது போயிற்று. வெளியூரிலிருந்து வந்து பாதையிற் படம் பிடித்தவர்களுக்கு இதில் ஒரு வருத்தம் இருக்கக்கூடும். படுவான்கரை விவசாயியிடம் அந்த வருத்தத்தை எதிர்பார்ப்பது நியாயமன்று.

உல்லாசப் பயணியின் சலிப்பை இதனால் ஏளனம் செய்துவிடவும் முடியாது. மாற்ற வசதியுள்ளவன் மாற்றிப் பார்ப்பதிற் பிழையில்லை. எதை மாற்றுவது என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகின்றனர். புகைபோக்கியின் நிறத்தை மாற்றிக்கொண்டு, அதே அளவுள்ள கப்பலில், அதே துறைமுகங்களுக்கு, அதே ஏழு நாட்களிற் சென்று வருகின்றனர். திரும்பி வந்து, இதுவும் அப்படித்தான் என்கின்றனர். ஆயிரக்கணக்கானோர் செல்லும் கப்பலை விட்டு நூறு பேர் செல்லும் கப்பலில் ஏறினால், பெருங்கப்பல் நுழையாத சிறு துறைகள் திறக்கும். சிறு கப்பலையும் விட்டு ஓடத்தில் இறங்கினால், வரைபடத்தில் நீலக் கோடாய்க் கிடக்கும் வாவிகளே திறந்துவிடும். கலம் சிறுக்கச் சிறுக்கத் தண்ணீர் கிட்ட வருகிறது. கம்பெனிகளின் விளம்பரத்தில் இது எழுதப்படுவதில்லை.

கல்லடியில் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. மனிங் தேசாதிபதியின் பாரியார் பெயரைத் தாங்கிய பழைய இரும்புப் பாலம் அங்கே நிற்கிறது. கப்பல்களுக்குச் சீமாட்டிகளின் பெயர் வைத்த வழக்கம் பாலத்துக்கும் வந்துவிட்டது போலும். 2013-ல் பக்கத்திலே புதிய பாலம் திறக்கப்பட்டது, பழையது அகற்றப்படவில்லை. அந்த நீரிலிருந்து நிலாக் காலத்தில் இன்னோசை எழுகிறது என்பது ஊரறிந்த செய்தி. 1848-ல் இங்கே வந்த எமர்சன் டெனன்ட் என்ற உத்தியோகத்தர், ஓடத்திற் சென்று அதனைக் கேட்டுத் தம் நூலில் எழுதிவைத்தார். நீருக்கடியில் வாழும் ஊரியே அவ்வாறு ஒலிக்கிறது என்று அன்றைய மீனவர் அவரிடம் கூறினர். மீனா, ஊரியா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

பௌர்ணமியை ஒட்டிய இரவிற் செல்வோர் துடுப்பின் ஒரு நுனியை நீருள் ஆழ்த்தி, மறு நுனியைக் காதோடு சேர்த்துவைத்துக் கேட்பது வழக்கம். சில இரவுகளில் ஓசை வருகிறது. சில இரவுகளில் ஓடத்தின் விளிம்பில் நீர் மோதும் சத்தம் ஒன்றே. ஒன்றும் கேளாமற் கரையேறியவர்கள், மறுநாள் இரவும் அதே ஓடத்தைத் தேடிக்கொண்டு அதே துறைக்கு வருவதுண்டு.