பதிவேடும் கணினியும்: நமது ஜமாஅத் அலுவலகத்தின் நாளைய தேவைகள்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில், அலுவலகச் சீரமைப்புத் துணைக்குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



 

நம் அலுவலகத்திற்குக் கணினி வசதிகளை எவ்வாறு அமைப்பது என்று ஆராய்ந்து சொல்லும் பொறுப்பைச் சென்ற பொதுக்குழு எங்களிடம் ஒப்படைத்தது. அதன் முடிவுகளை உங்கள் முன் வைக்கின்றோம்.

தரமணியில் டைடல் பார்க் 2000ஆம் ஆண்டு ஜூலை 4 அன்று திறந்து வைக்கப்பட்டது. டிட்கோ, எல்காட் ஆகிய இரு அரசு நிறுவனங்களின் கூட்டு முயற்சியாக எழுந்த அக்கட்டடத்தைத் தொடர்ந்து இப்பகுதி முழுவதும் கணினித் துறையின் வளாகமாக மாறியது. வெளியூர்களிலிருந்து வேலைக்கு வந்து அறை எடுத்துத் தங்கும் பிள்ளைகளால் நமது ஜும்ஆ தொழுகையின் வரிசைகள் நீண்டன. சந்தாதாரர் பட்டியலும் நீண்டது. ஒரு மேசை, ஒரு பெட்டி, ஒரு கணக்கர் என்றிருந்த அலுவலகத்தில் இன்று சந்தா, நிக்காஹ் தஃப்தர், மக்தப் மத்ரஸா, பைத்துல்மால், கபர்ஸ்தான் பதிவு, வக்ஃபுச் சொத்துக்களின் வாடகை என ஆறு வேலைகள் நடைபெறுகின்றன. உலக நிறுவனங்களின் கணக்கைக் காக்கும் இளைஞர்கள் தொழ வரும் பள்ளியின் கணக்கோ, ஒரே ஒரு பழைய கணினியையும் ஒரு பென் டிரைவையும் நம்பியிருக்கின்றது.

நம்மை விழிக்கச் செய்த நிகழ்ச்சி

கணவரை இழந்த நம் மஹல்லாச் சகோதரி ஒருவர், குடும்ப ஓய்வூதியத்திற்காகத் தமது நிக்காஹ் பதிவின் நகலைக் கேட்டு வந்தார். தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு வெகு காலம் முன்பு நடந்த அவருடைய திருமணத்திற்கு நமது தஃப்தரே ஆதாரம். எடுத்துப் பார்த்தால், 2015 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்த பதிவேடுகளுள் அதுவும் ஒன்று. மை கரைந்து, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன.

பழைய தஃப்தர்களைக் கணினியில் ஏற்றியிருந்தோமே என்று தேடினோம். அக்கணினி பழுதாகி எப்போதோ அப்புறப்படுத்தப்பட்டிருந்தது. மேசை இழுப்பறையில் கிடந்த ஒரு குறுந்தகட்டில் அக்கோப்பு இருந்தது. திறந்தால் தமிழ் இல்லை, பொருளற்ற ஆங்கில எழுத்துக்களும் குறிகளுமே தெரிந்தன. அந்நாளில் தனியார் எழுத்துரு ஒன்றில் தட்டச்சு செய்திருந்ததே காரணம். நம் மஹல்லா இளைஞர் ஒருவர் பல இரவுகள் முயன்று, அது எந்த எழுத்துரு என்று கண்டுபிடித்து, யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தார். அல்ஹம்துலில்லாஹ், சகோதரியின் பதிவு கிடைத்தது. ஆனால் அதற்குள் மூன்று மாதங்கள் கடந்துவிட்டன. அந்த மூன்று மாதமும் அவர் வீட்டில் அடுப்பு எவ்வாறு எரிந்தது என்பதை நாம் விசாரிக்கவில்லை. பதிவு கிடைத்தது அல்லாஹ்வின் அருளால். நமது திட்டமிடலால் அன்று.

இதே குறையை 2025இலும் உணர்ந்தோம். அவ்வாண்டு ஜூன் 6 அன்று தொடங்கப்பட்ட உமீத் இணையதளத்தில் வக்ஃபுச் சொத்துக்களின் விவரங்களை ஆறு மாத காலத்திற்குள் பதிவேற்ற வேண்டியிருந்தது. ஆவணங்களைத் தேடி நிர்வாகிகள் பட்ட அலைச்சலை நீங்கள் அறிவீர்கள்.

எழுதி வைத்தல் நமக்குப் புதிதன்று

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமாகிய அல் பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுத்தில் பதிவதையும், அதற்குச் சாட்சிகள் வைப்பதையும் பற்றியதாகும். யமாமா போரில் ஹாஃபிழ்கள் பலர் ஷஹீதான பின்னர், ஹஜ்ரத் அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்களின் காலத்தில் ஹஜ்ரத் ஜைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் திருக்குர்ஆனை ஒன்றுதிரட்டினார்கள். ஹஜ்ரத் உஸ்மான் (ரலி) அவர்களின் காலத்தில் பிரதிகள் எடுக்கப்பட்டுப் பல நகரங்களுக்கு அனுப்பி வைக்கப்பட்டன. நெஞ்சங்களில் இருந்ததை ஏட்டிலும் பதிந்து, ஒரே இடத்தில் வைக்காமல் பல ஊர்களில் வைத்த சமுதாயம் நாம். நம் தஃப்தர்களும் அமானிதமே. ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்குல் வைப்பது நமக்கு அழகன்று.

எங்கள் பரிந்துரைகள்

முதலாவது, வேலையைக் கணக்கிட்ட பிறகே பொருளை வாங்க வேண்டும். எத்தனை மேசைகள், ஒவ்வொன்றிலும் என்ன வேலை, ஐந்தாண்டுகளில் எவ்வளவு கூடும் என்று எழுதிப் பார்த்தோம். இன்று நான்கு கணினிகள் தேவை. ஐந்தாண்டுகளில் ஏழு ஆகலாம். கம்பிகளை ஏழுக்குப் போட்டுவிடுவோம். கணினிகளை நான்கு மட்டும் வாங்குவோம். சுவரை இரண்டு முறை உடைப்பதே பெருஞ்செலவு.

இரண்டாவது, மின்சாரம். கணினிகளுக்கு முன் எர்த்திங்கைச் சரிபார்க்க வேண்டும். மேசைக் கணினியும் திரையும் சேர்ந்து ஏறத்தாழ 100 முதல் 150 வாட் இழுக்கும். சிறிய யூ.பி.எஸ். சில நிமிடங்கள் தாங்கும். அது வேலையைச் சேமித்து முறையாக அணைப்பதற்கே. நெடுநேர மின்தடைக்கு இன்வெர்ட்டர் தனியே வேண்டும். லேசர் பிரிண்டரை யூ.பி.எஸ்.ஸில் இணைக்கக் கூடாது. அது சூடேறும்போது இழுக்கும் மின்சாரத்தை யூ.பி.எஸ். தாங்காது.

மூன்றாவது, இடம். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் அடுத்துள்ள வேளச்சேரி தண்ணீரில் நின்றதைக் கண்டோம். ஆகவே ரவுட்டர், ஸ்விட்ச், தகவல் சேமிப்புப் பெட்டி, மூலப் பதிவேடுகள் ஆகிய நான்கும் மாடி அறைக்குச் செல்ல வேண்டும். அங்கிருந்து மேசைகளுக்குக் கேட் 6 கம்பி இழுக்கலாம். 100 மீட்டர் வரை அக்கம்பி செல்லும். நம் கட்டடத்திற்கு அது தாராளம். மின்கம்பியோடு ஒரே குழாயில் அதைச் செலுத்தக் கூடாது. மக்தப் பிள்ளைகளும் விருந்தினரும் பயன்படுத்தும் வைஃபை, அலுவலக இணைப்பிலிருந்து பிரிக்கப்பட வேண்டும்.

நான்காவது, கணினிகள். அன்பர்கள் தங்கள் நிறுவனங்களில் கழித்த கணினிகளைத் தர முன்வருகின்றனர், ஜஸாக்கல்லாஹு கைரன். எனினும் விண்டோஸ் 10க்கான பொதுவான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ஐ ஏற்காத இயந்திரங்களில் லினக்ஸை நிறுவி மக்தபுக்கு வைத்துக்கொள்ளலாம். கணக்கு மேசைக்கு அவை வேண்டாம். திருட்டு மென்பொருள் எந்த மேசையிலும் கூடாது. அது பிறர் உரிமை. பள்ளியின் வேலைக்கு ஹலாலான கருவியே வேண்டும். 2017 மே மாதம் வானாக்ரை என்னும் தீநிரல் உலகெங்கும் பரவி, கோப்புக்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் நிறுவப்படாத கணினிகளே அதற்கு இரையாயின.

ஐந்தாவது, தமிழ். தமிழக அரசு 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணையிட்டது. இனி நம் அலுவலகத்தில் ஒரு வரியும் வேறு முறையில் தட்டச்சு செய்யப்படக் கூடாது. பழைய கோப்புக்கள் அனைத்தையும் இவ்வாண்டுக்குள் மாற்றி, மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும்.

ஆறாவது, பிரதிகள். இதுவே எங்கள் திட்டத்தின் உயிர்நாடி. நம்மிடம் 40 பதிவேடுகள், ஒவ்வொன்றிலும் சுமார் 200 பக்கங்கள் எனக் கொண்டால் 8,000 பக்கங்கள். ஏ4 தாளை அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் வண்ணத்தில் ஸ்கேன் செய்தால், சுருக்காத நிலையில் பக்கத்திற்கு ஏறக்குறைய 26 எம்.பி.; மொத்தம் 208 ஜி.பி. கையடக்க ஹார்ட் டிஸ்க் ஒன்றில் இது அடங்கிவிடும். ஆகவே இடமில்லை என்று சொல்ல வழியில்லை; செய்யவில்லை என்பதே உண்மை.

மூன்று பிரதிகள் வேண்டும். ஒன்று மாடியிலுள்ள சேமிப்புப் பெட்டியில். ஒன்று வாரந்தோறும் மாற்றி வெளியிடத்தில் வைக்கும் ஹார்ட் டிஸ்க்கில். ஒன்று கட்டணம் செலுத்திப் பெறும் இணையச் சேமிப்பில். சேமிப்புப் பெட்டியில் இரண்டு டிஸ்க்குகள் இருப்பதே போதுமே என்பார்கள். ஒரு டிஸ்க் பழுதானால் மற்றொன்று கைகொடுக்கும். ஆனால் ஒருவர் தவறுதலாக அழித்தால் இரண்டிலும் அழியும். இணையச் சேமிப்பு ஒன்றே போதும் என்பதும் சரியன்று. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்டிராஸ்பர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் தகவல் மையம் தீப்பற்றியபோது, வேறிடத்தில் பிரதி வைக்காத வாடிக்கையாளர் பலர் தங்கள் தகவல்களை இழந்தனர். மாதம் ஒரு முறை ஏதேனும் ஒரு பதிவைப் பிரதியிலிருந்து மீட்டுப் பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத பிரதி நம்பத்தக்கதன்று.

ஸ்கேன் செய்தபின் மூலப் பதிவேடுகளைக் கழித்துவிடக் கூடாது. இதற்கு நம் தரமணியிலேயே முன்மாதிரி உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் திரட்டிய தமிழ் நூல்களை ஆதாரமாகக் கொண்டு, சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஒத்துழைப்புடன் 1994இல் உருவான ஆராய்ச்சி நூலகம் இங்குதான் இயங்குகின்றது. நுண்படச்சுருளாகவும் கணினிப் படமாகவும் நகலெடுத்த பின்னும் மூல நூல்களை அவர்கள் பேணி வருகின்றனர்.

ஏழாவது, பொறுப்பு. மின்னஞ்சலும் இணையக் கணக்குகளும் செயலாளரின் சொந்தப் பெயரில் இல்லாமல் ஜமாஅத்தின் பெயரில் இருக்க வேண்டும். நிர்வாகம் மாறும், அமானிதம் மாறாது. கடவுச்சொற்களை முத்திரையிட்ட உறையில் முத்தவல்லியும் பொருளாளரும் தனித்தனியே வைத்திருப்பார்கள். பைத்துல்மால் உதவி பெறுவோரின் பெயர்கள் அம்மேசைக்கு உரியவருக்கு மட்டுமே தெரியவேண்டும். வாட்ஸ்அப் குழுவில் அப்பட்டியல் போகக் கூடாது. தனிநபர் தகவல் பாதுகாப்புக்கென 2023இல் நாட்டில் சட்டமே வந்துவிட்டது. சட்டம் வருமுன்னரே, வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாமல் கொடுக்கக் கற்றவர்கள் நாம்.

எட்டாவது, செலவு. எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்ய வேண்டியதில்லை. இவ்வாண்டு எர்த்திங், கம்பி, ஸ்கேனர், பிரதிகள். அடுத்த ஆண்டு கணினிகள். வாங்கும் கருவி ஐந்தாண்டு உழைக்கும் எனக் கொண்டு, அதன் விலையில் ஐந்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் தனிக் கணக்கில் ஒதுக்கினால், பழுதாகும் நாளில் துண்டு விரித்து வசூல் செய்ய நேராது.

உங்களிடம் வேண்டுவது

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே! மூன்றை வேண்டுகின்றோம். இத்திட்டத்திற்குப் பொதுக்குழு ஒப்புதல் அளிக்க வேண்டும். கணினித் துறையிலுள்ள இளைஞர்கள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பள்ளிக்குத் தர வேண்டும். மங்கிய பக்கங்களிலுள்ள பெயர்களைப் படித்துச் சொல்லப் பெரியவர்கள் அலுவலகத்திற்கு வர வேண்டும். இன்னாருடைய மகன் இன்னார் என்று அடையாளம் காட்ட எந்தக் கணினியாலும் இயலாது. அந்த அறிவு உங்கள் நெஞ்சில் மட்டுமே இருக்கின்றது. அதற்கு இன்றுவரை பிரதி இல்லை.

இனி ஒரு சகோதரி நம் அலுவலக வாசலில் மூன்று மாதம் காத்திருக்கக் கூடாது. அவர் அமர்ந்து தண்ணீர் அருந்தி முடிப்பதற்குள் அவருடைய பதிவின் நகல் கையில் இருக்க வேண்டும். அதுவே இத்திட்டத்தின் நோக்கம்.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களைப் பேணி, உரியவரிடம் உரிய நேரத்தில் சேர்ப்பிக்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.