மீண்டும் மீண்டும் வரும் காய்ச்சல்: பெற்றோர் அறிய வேண்டியவை



குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் பெற்றோருக்கு வேலை ஓடாது. விடியுமுன் மரம் வெட்டப் புறப்பட வேண்டிய தாய், பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிடுகிறாள். ஒரு நாள் ஊதியம் போகிறது. அதனினும் மேலாக மன அமைதி போகிறது. அக்காய்ச்சல் நான்கு நாளில் தணிந்து, ஒரு மாதம் ஆவதற்குள் அதே வேகத்தில் திரும்பவும் வந்தால், அவ்வீட்டின் கலக்கத்தைச் சொல்லவும் வேண்டுமோ? அத்தகைய காய்ச்சலைப் பற்றியே இன்று நாம் எண்ணிப் பார்க்கவிருக்கிறோம்.

முறைவைத்து வரும் காய்ச்சல் நம் மக்களுக்குப் புதியதன்று. முற்காலத் தோட்டங்களில் முறைக்காய்ச்சல் என்றாலே மலேரியா என்றுதான் பொருள். 1901-ஆம் ஆண்டில் கிள்ளானுக்கு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்து, கொசுவை ஒடுக்கிக் காட்டினார். மனிதரிடையே பரவும் மலேரியா 2018-ஆம் ஆண்டிலிருந்து பல ஆண்டுகள் தொடர்ந்து மலேசியாவில் உள்நாட்டு நோயாகப் பதிவாகவில்லை. ஆயினும், குரங்குகளிடமிருந்து கொசு வழியாக மனிதரைப் பற்றும் மலேரியா காட்டோரங்களில் இன்னும் உண்டு. டிங்கியும் உண்டு. ஆகையால் எந்தக் காய்ச்சலையும் “இது வழக்கமாக வருவதுதான்” என்று நாமாக முடிவு செய்தல் கூடாது. முதலில் இரத்தப் பரிசோதனை, பிறகே மற்றவை.

சிறு குழந்தைகளுக்கு அடிக்கடி வரும் காய்ச்சலில் பெரும்பகுதி, வைரஸ் கிருமிகளால் வரும் சளிக்காய்ச்சலே. பாலர் பள்ளிக்கோ ஆயாக் கொட்டகைக்கோ செல்லும் குழந்தை ஓர் ஆண்டில் எட்டு முறை சளி பிடித்துக் கிடந்தாலும் அது வியப்பன்று. இக்காய்ச்சலுக்கு நாள் கணக்கு இல்லை. மூக்கு ஒழுகும், இருமல் இருக்கும், வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளுக்கும் ஒட்டும்.

ஆனால் சில குழந்தைகளின் நிலை வேறு. மூன்று முதல் ஆறு வாரங்களுக்கு ஒரு முறை, தவணை தவறாமல் காய்ச்சல் வருகிறது. வெப்பம் 39, 40 டிகிரிக்கு ஏறுகிறது. தொண்டை சிவக்கிறது, வாயில் சிறு புண்கள் தோன்றுகின்றன, கழுத்தில் நெறி கட்டுகிறது. மூன்று முதல் ஆறு நாளில் யாவும் தாமே அடங்குகின்றன. இருமலும் சளியும் பெரும்பாலும் இல்லை. உடன் படுத்துறங்கும் தம்பிக்கும் ஒட்டுவதில்லை. இடைப்பட்ட நாள்களில் குழந்தை ஓடியாடி விளையாடுகிறது. உயரமும் எடையும் குறைவின்றி வளர்கின்றன. 1987-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் கேரி மார்ஷலும் அவருடைய துணைவர்களும் 12 குழந்தைகளிடம் இதனைக் கண்டு எழுதினர். இன்று மருத்துவர்கள் இதைப் ‘பி.எப்.ஏ.பி.ஏ.’ என்று குறிப்பிடுகின்றனர். பெரும்பாலும் ஐந்து வயதுக்கு முன்னரே இது தொடங்குகிறது.

இதற்குக் காரணம் என்ன? நம் உடலில் கிருமியை எதிர்க்கும் காவற்படை ஒன்று உண்டு. கள்வன் வந்தால் தோட்டக் காவற்காரர் மணி அடிக்கிறார். எல்லோரும் எழுந்து ஓடி வருகின்றனர். கள்வன் எவனும் வராதபோதே மணி ஒலித்தால்? ஊர் முழுவதும் வீணாகக் கலவரப்படும். அவ்வாறே, பகைக்கிருமி இல்லாதபோதும் உடலின் காவற்படை தானே கிளர்ந்து, காய்ச்சலையும் வீக்கத்தையும் உண்டாக்குவதைத் தன்னழற்சி நோய் என்கிறோம். இப்பெயர் மருத்துவ உலகில் 1999-ஆம் ஆண்டில்தான் வழக்கிற்கு வந்தது. ஆகவே, இது தாயின் கவனக்குறைவால் வந்ததன்று. ஊராரின் கண் பட்டதனாலும் வந்ததன்று. இதன் பொருட்டு வீட்டிலுள்ள பெண்ணைக் குறை கூறுவது நியாயமாகாது.

இதனை அறியாமையால் வரும் கேடுகள் இரண்டு. ஒன்று, ஒவ்வொரு முறையும் கிருமிக்கொல்லி மருந்து கொடுப்பது. கிருமியே இல்லாத இடத்தில் அம்மருந்துக்கு வேலை இல்லை. காய்ச்சல் தானாகத் தணிவதைக் கண்டு மருந்தால் தணிந்தது என்று நம்பிவிடுகிறோம். மற்றொன்று, இதனைப் போலவே தோன்றும் கொடிய நோயைக் காணாமல் விட்டுவிடுவது. ஏறத்தாழ 21 நாளுக்கு ஒரு முறை வெள்ளை அணுக்கள் குறைந்து, காய்ச்சலும் வாய்ப்புண்ணும் வரும் நோய் ஒன்று உண்டு. அந்நிலையில் சிறு கிருமியும் உயிருக்கு ஆபத்தாகலாம். இரத்தத்தைப் பலமுறை சோதித்தே இதனைப் பிரித்தறிய முடியும்.

துருக்கியர், அர்மீனியர், அரபியர், யூதர் முதலிய மக்களிடையே மிகுதியாகக் காணப்படும் பரம்பரைக் காய்ச்சலும் தன்னழற்சி வகையே. ஒன்று முதல் மூன்று நாள் வரை காய்ச்சலும் கடும் வயிற்றுவலியும் வரும். கவனியாது விட்டால் நாளடைவில் சிறுநீரகம் கெடும். இதற்குரிய மரபணு 1997-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. கோல்ச்சிசின் என்னும் மருந்து இந்நோயைத் தடுப்பது அதற்கு முன்பே, 1972-ஆம் ஆண்டிலேயே தெரியவந்தது. நாம் செங்காந்தள், கார்த்திகைப்பூ என்றழைக்கும் செடியிலும் இப்பொருள் உள்ளது. ஆனால் அதன் கிழங்கு கொடிய நஞ்சு. அதனை அரைத்துக் கொடுப்பது குழந்தையின் உயிரையே பறித்துவிடும். மருத்துவர் அளந்து தருவது வேறு, நாம் தோண்டி எடுப்பது வேறு.

பி.எப்.ஏ.பி.ஏ. காய்ச்சலுக்கும் வழி உண்டு. பிரட்னிசோலோன் மருந்தை ஒரு வேளை கொடுத்தாலே பல குழந்தைகளுக்குச் சில மணி நேரத்தில் காய்ச்சல் இறங்குகிறது. ஆனால், சிலருக்கு அடுத்த காய்ச்சல் முன்னதாகவே வந்துவிடும். எனவே, இதனைக் கடையில் வாங்கித் தாமாகக் கொடுத்தல் ஆகாது. சிலருக்குத் தொண்டைச் சதையை அகற்றும் அறுவை சிகிச்சை பயன் தருகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு வயது ஏற ஏற இந்நோய் தானே விலகிவிடுகிறது.

பெற்றோராகிய நாம் செய்யக்கூடியது என்ன? சுவரில் தொங்கும் நாட்காட்டியே போதும். காய்ச்சல் தொடங்கிய நாள், தணிந்த நாள், வெப்பமானி காட்டிய அளவு, வாய்ப்புண், நெறி, வயிற்றுவலி, கொடுத்த மருந்து ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். நான்கைந்து முறை எழுதிய குறிப்பைச் சுகாதார நிலையத்திற்குக் கொண்டு செல்லுங்கள். குழந்தை நல மருத்துவரிடம் அனுப்பும்படி கேளுங்கள். நோயின் தவணையை அவருக்குக் காட்டுவது அத்தாளே. காய்ச்சல் நாள்களில் நீராகாரம் நிறையக் கொடுங்கள். எடைக்கேற்ற அளவில் பாரசிட்டமால் கொடுக்கலாம்; ஆஸ்பிரின் கூடாது.

நாட்காட்டி பார்த்துக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய வேளைகளும் உண்டு. மூன்று மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரிக் காய்ச்சல், வலிப்பு, மூச்சுத் திணறல், எழுப்பியும் எழாத மயக்கம், ஓயாத வாந்தி, இரத்தக் கசிவு, கடும் வயிற்றுவலி. ஐந்து நாள் நீடித்த காய்ச்சலுடன் கண்ணும் உதடும் சிவந்து, கை கால் வீங்கினாலும் தாமதியாதீர். அது இருதய இரத்தக் குழாய்களைத் தாக்கும் கவாசாக்கி நோயாக இருக்கலாம்.

அறிந்த நோய்க்கு அச்சம் பாதி. நாள் குறித்து வைக்கும் பழக்கம் ஒவ்வொரு வீட்டிலும் வேரூன்றட்டும். நம் குழந்தைகள் நலமுடன் வளரட்டும்.