சிமெண்டா, சிமெண்டின் ஓரமா?

   

எண்ணெய்க் கிணற்றின் கேசிங் குழாய்க்கும் அதைச் சுற்றி இறுகும் சிமெண்டுக்கும் இடையே பிடிப்பை எப்படிக் கூட்டுவது? இதில் எனக்கும் இந்த அரங்கின் முன்வரிசை நண்பர்களுக்கும் உள்ள பிணக்கு ஊரறிந்தது. சிமெண்டின் அமுக்க வலிமையைக் கூட்டினால் பிடிப்பு தானே வரும் என்பது அவர்கள் கட்சி. கசிவு சிமெண்டின் உடம்பில் இல்லை, ஓரத்தில் இருக்கிறது என்பது என் கட்சி.

மேற்கு டெக்சாஸின் சாக்ராக் வயலைப் பாருங்கள். எண்ணெயை உந்தி எடுக்க 1972 முதல் அங்கே கார்பன் டை ஆக்சைடு செலுத்துகிறார்கள். 1950இல் தோண்டிய 49-6 என்னும் கிணறு ஏறத்தாழ 30 ஆண்டுகள் அந்த வாயுவைத் தாங்கி நின்றது. லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகத்தின் கேரியும் கூட்டாளிகளும் எண்ணெய்த் தேக்கத்துக்குச் சில மீட்டர் மேலே கேசிங், சிமெண்ட், களிப்பாறை மூன்றிலும் மாதிரி எடுத்து ஆராய்ந்து, முடிவுகளை 2007இல் வெளியிட்டார்கள். போர்ட்லண்ட் சிமெண்டைக் கார்பானிக் அமிலம் அரித்துத் தின்றுவிடும் என்றுதான் எல்லோரும் அஞ்சினோம். சிமெண்டின் நடுப்பகுதியோ சாம்பல் நிறம் மாறாமல், கட்டுக்குலையாமல் இருந்தது. மாற்றமெல்லாம் ஓரங்களில்! பாறையை ஒட்டிய பக்கம் ஒரு சென்டிமீட்டர் வரை ஆரஞ்சு நிறமாகியிருந்தது. கேசிங்கை ஒட்டி 1 முதல் 3 மில்லிமீட்டர் தடிமனுக்குக் கார்பனேட் படிந்திருந்தது. குழாயோரமாக வாயு ஏறியிருக்கலாம். குழாயின் மரையிலோ துருப்பிடித்த இடத்திலோ கசிந்திருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். எந்த வழியாக வந்தாலும் அது சிமெண்டைத் துளைத்து வரவில்லை. வலிமைக் கட்சியார் இந்த மாதிரியை ஒருமுறையேனும் நிதானமாகப் பார்க்க வேண்டும். நண்பர் ஒருவர் சிரிப்பது இங்கிருந்தே தெரிகிறது, சிரிக்கட்டும்.

குழாய்க்கும் சிமெண்டுக்கும் இடையே வாயு ஏறும் சந்து எப்படிப் பிறக்கிறது? 7 அங்குலக் குழாய்க்குள் 1000 பிஎஸ்ஐ அழுத்தத்தைப் பூட்டி வைத்துச் சிமெண்டை இறுகவிடுங்கள். பிறகு அழுத்தத்தை இறக்கினால் குழாயின் சுவர் ஏறத்தாழ 20 மைக்ரான் உள்வாங்கும். சந்து இருமடங்கு அகன்றால் கசிவு எட்டு மடங்காகும். இந்தக் கணக்கில் அமுக்க வலிமை எங்கே வருகிறது? சிமெண்ட் இறுகும்வரை குழாய்க்குள் வேண்டாத அழுத்தத்தை நிறுத்தி வைக்காதீர்கள். காசு செலவில்லாத வைத்தியம் இதுதான்.

குழாயின் மேற்பரப்பைப் பற்றி ஒரு வார்த்தை. கார்ட்டர், எவான்ஸ் என்னும் ஆய்வாளர்கள் 1964லேயே காட்டிவிட்டார்கள்: ஆலை வார்னிஷ் போகாத புதுக்குழாயில் பிடிப்பு குறைவு, மணல் வீசிச் சொரசொரப்பாக்கியதிலும், பிசினில் மணல் ஒட்டியதிலும் அதிகம். எண்ணெய்ச் சேறு ஒட்டியிருந்தால் பிடிப்பு விழும்.

விரியும் சிமெண்டைப் பற்றிப் பேச நேரமில்லை. சுற்றியுள்ள பாறை மென்மையானால் சிமெண்ட் வெளிப்பக்கமாக விரிந்து, கேசிங்கை விட்டு விலகவும் கூடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

மாணவர்களுக்குச் சில வேலைகள் மிச்சம். சிமெண்டின் பிடிப்பைக் காட்டும் பாண்ட் லாக் பதிவைக் குழாய்க்குள் அழுத்தத்தோடும் அழுத்தமின்றியும் எடுத்து ஒப்பிடலாம். நெகிழ்வான சிமெண்டை வெப்ப ஏற்ற இறக்கத்தில் பலமுறை சோதிக்கலாம். கைவிட்ட கிணறுகளிலிருந்து மாதிரி எடுக்க அனுமதி கேட்கலாம். முதலில் அந்த அனுமதியைக் கேளுங்கள்.